ஸாடி கார்னோ: 600 பிரதிகள் அச்சிட்ட எஞ்சினியர்

தெர்மோடைனமிக்ஸ் பரீட்சை எழுதிய யாருக்கும் கார்னாட் சைக்கிளைத் தெரியாமல் இருக்காது. மெக்கானிக்கல் மட்டுமில்லை, கெமிக்கல், எலெக்ட்ரிகல், ஏன், சிவில்காரர்கள்கூட முதல் வருஷ ஃபிசிக்ஸில் அதை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். இரண்டு சமவெப்பக் கோடு, இரண்டு வெப்பம் மாறாக் கோடு, நடுவில் சாய்ந்து படுத்த மாதிரி ஒரு உருவம். படம் போட்டு, பாகம் குறித்து, கடைசியில் அந்த ஃபார்முலாவை எழுதிப் பெட்டி கட்டினால் முழு மார்க். அதற்கப்புறம் அடுத்த யூனிட்டுக்குப் போய்விடுவோம்.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் நம்மைப் போல ஒரு எஞ்சினியர். பேராசிரியர் இல்லை, விஞ்ஞானக் கழக உறுப்பினர் இல்லை. வாழ்நாளில் ஒரே ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதையும் கைக்காசு செலவழித்துப் போட்டார். 36 வயதில் காலரா வந்து இறந்துபோனார். எனக்கும் இந்த வருஷம் 36 நடக்கிறது. பிழைப்புக்காக நான் செய்யும் வேலை, எலெக்ட்ரானிக் சிப்புகளில் கிளம்பும் சூட்டை எப்படி வெளியேற்றுவது என்று கணக்குப் போடுவது. அந்தக் கணக்குகளின் ஆணிவேரைத் தேடிப் போனால் எந்தப் பக்கமிருந்து போனாலும் இந்த மனிதரின் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் மலருக்கு எழுதச் சொன்னதும் இவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. நாம் வகுப்பில் கார்னாட் என்று சொல்லிப் பழகிவிட்டோம். பிரெஞ்சுக்காரர்கள் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு கார்னோ என்பார்கள். முழுப்பெயர் நிக்கோலா லியோனார் ஸாடி கார்னோ. ஸாடி என்பது பிரெஞ்சுப் பெயரே இல்லை. ஷிராஸ் நகரத்துப் பாரசீகக் கவிஞர் ஸாடியின் மேல் அப்பாவுக்கு இருந்த பிரியத்தில் வைத்த பெயர். தமிழில் இதைச் சாதி என்று எழுதினால் வேறு அர்த்தமாகிவிடும் என்பதால் ஸாடி என்றே எழுதுகிறேன்.

அப்பாவின் நிழல்

ஸாடி பிறந்தது 1796 ஜூன் 1-ஆம் தேதி, பாரிஸ் நகரத்தின் பெத்தி லுக்ஸெம்பூர் அரண்மனையில். ராஜ வம்சம் ஒன்றுமில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு நாட்டை ஆண்ட ஐந்து டைரக்டர்களில் ஒருவர் அவருடைய அப்பா லாஸார் கார்னோ. அதனால் அரண்மனையில் ஜாகை.

லாஸார் கார்னோ சாமானியப்பட்ட ஆள் இல்லை. ராணுவ எஞ்சினியர், கணித மேதை, அரசியல்வாதி எல்லாம் ஒருவரே. புரட்சி காலத்தில் பிரான்ஸின் படைகளைத் திரட்டி ஒழுங்குபடுத்தியதால் வெற்றியின் அமைப்பாளர் என்றே அவருக்குப் பட்டம். ஆனால் அரசியலில் மேடும் பள்ளமும் சகஜமாச்சே. ஸாடிக்கு ஒரு வயது முடிந்த சில மாதங்களில், 1797 செப்டம்பரில் ஆட்சிக் கவிழ்ப்பு. லாஸார் நாட்டை விட்டே தப்பி ஓடினார். நெப்போலியன் வந்ததும் திரும்பி வந்து 1800-ல் யுத்த மந்திரி ஆனார். கொஞ்ச நாளிலேயே அதையும் உதறினார். நெப்போலியன் சக்கரவர்த்தியாவதை எதிர்த்து ஓட்டுப் போட்டவர் அவர்.

அந்தக் காலத்துக் கதை ஒன்றை ஸாடியின் தம்பி இப்போலித் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். ஒரு நாள் நெப்போலியன் மனைவியும் மற்றப் பெண்களும் குளத்தில் படகில் போய்க்கொண்டிருந்தார்களாம். நெப்போலியன் விளையாட்டாகக் கரையிலிருந்து கல்லை எறிந்து அவர்கள்மேல் தண்ணீர் தெறிக்கச் செய்தாராம். நாலு வயசுப் பொடியன் ஸாடி நேரே போய் நின்று, முஷ்டியை ஆட்டி, மிருகம் என்று திட்டி, நிறுத்தச் சொன்னானாம். ஐரோப்பாவையே நடுங்க வைத்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தாராம். பிற்காலத்து ஸாடி ரொம்ப அமைதியான, ஒதுங்கிப் போகிற ஆள். ஆனால் தப்பு என்று பட்டால் எதிரே யார் நிற்கிறார்கள் என்று பார்க்காத குணம் அப்போதே இருந்திருக்கிறது.

1807-ல் லாஸார் பொது வாழ்க்கையை விட்டு விலகி, பையன்கள் இருவருக்கும் தானே பாடம் சொல்லிக் கொடுத்தார். இது முக்கியம். ஏனென்றால் லாஸார் இயந்திரங்களைப் பற்றி ஆழமாக யோசித்தவர். 1783-லேயே பொதுவாக எல்லா இயந்திரங்களுக்கும் பொருந்தும் விதிகளைத் தேடி ஒரு நூல் எழுதியவர். தண்ணீர்ச் சக்கரத்தைப் பற்றி அவர் கண்டுகொண்ட சூட்சுமம் இதுதான்: தண்ணீர் சக்கரத்தில் மோதி நுழையக் கூடாது, வெளியேறும்போது வேகம் மிச்சமிருக்கக் கூடாது. மோதினாலும் நஷ்டம், வேகத்தோடு போனாலும் நஷ்டம். சந்தடியில்லாமல் நுழைந்து, சந்தடியில்லாமல் வெளியேறினால்தான் உயரத்திலிருந்து இறங்கிய முழுப் பலனும் கையில் கிடைக்கும். அப்பா தண்ணீருக்குச் சொன்ன இந்தப் பாடத்தை மகன் மனசில் வைத்திருந்தான். பிறகு வெப்பத்துக்குப் பொருத்திப் பார்த்தான்.

கல்லூரியும் கோட்டைச் சுவரும்

1812-ல், 16 வயதில், ஸாடி எக்கோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். அப்போது உலகத்திலேயே சிறந்த எஞ்சினியரிங் கல்லூரி அதுதான் என்று தைரியமாகச் சொல்லலாம். அங்கே பாடம் நடத்தியவர்கள் யார் யார் தெரியுமா? ஆம்பியர், புவாஸோன், கே-லுசாக், அராகோ. நம் பாடப் புத்தகத்தில் விதிகளாக வருபவர்கள் அவருக்கு வாத்தியார்களாக வந்து நின்றார்கள்.

படிப்பு நிம்மதியாக முடியவில்லை. 1814 மார்ச்சில் எதிரிப் படைகள் பாரிஸ் வாசலுக்கே வந்துவிட்டன. பாலிடெக்னிக் மாணவர்கள் துப்பாக்கியும் பீரங்கியுமாகக் களத்தில் இறங்கினார்கள். ஸாடியும் வான்ஸேன் பக்கம் போய்ச் சண்டை போட்டார். பாரிஸ் விழுந்தது. அதே வருஷம் பாலிடெக்னிக்கை முடித்து மெட்ஸ் நகரத்து ராணுவ எஞ்சினியரிங் பள்ளிக்குப் போனார்.

1815-ல் நெப்போலியன் திரும்பி வந்து 100 நாள் ஆண்டபோது லாஸார் உள்துறை மந்திரி. அந்த நாட்களில் மெட்ஸ் பள்ளியின் பெரிய அதிகாரிகளெல்லாம் மந்திரி மகனுக்குச் சலாம் போட்டதாக இப்போலித் எழுதுகிறார். வாட்டர்லூவுக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். அப்பாவுக்கு நாடு கடத்தல். மகனுக்குக் கோட்டை கோட்டையாக மாற்றல். சுவரை அளப்பது, செங்கல்லை எண்ணுவது, ரிப்பேருக்கு பிளான் வரைவது, அந்த பிளான் எங்கோ ஒரு அலமாரியில் தூங்குவதைப் பார்ப்பது. அரசாங்க உத்தியோகத்தில் ஓரங்கட்டப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த வேதனை புரியும்.

1819-ல் பாரிஸில் ராணுவத் தலைமையகப் பணிக்கு ஒரு பரீட்சை வந்தது. எழுதிப் பாஸ் செய்தார். உடனே பாதிச் சம்பளத்தில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டார். அப்போது 23 வயது. பாரிஸில் ஒரு சின்ன ஜாகையில் இருந்துகொண்டு ஸோர்போன், காலேஜ் டி பிரான்ஸ், தொழிற்கலைக் கூடம் என்று எங்கெங்கே சொற்பொழிவு நடந்ததோ அங்கெல்லாம் போய் உட்கார்ந்தார். ஆலைகள், பட்டறைகள் ஒன்றையும் விடவில்லை. வயலின் வாசிப்பார், கத்திச் சண்டை, நீச்சல், பனிச்சறுக்கு எல்லாம் அத்துப்படி. பேச்சு மட்டும் ரொம்பக் குறைவு.

ஒரு கேள்வி

1821-ல் ஸாடி ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரத்துக்குப் போய், அங்கே நாடு கடத்தப்பட்டு வாழ்ந்த அப்பாவையும் தம்பியையும் பார்த்து வந்தார். திரும்பி வந்ததும் அவர் மனசு முழுக்க நீராவி எஞ்சின்தான்.

அன்றைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்தில் சுரங்கத்துத் தண்ணீரை இறைப்பது, நூல் நூற்பது, இரும்பு உருக்குவது எல்லாம் நீராவியால் நடந்தது. ஜேம்ஸ் வாட் இறந்தே 2 வருஷம் ஆகிவிட்டது. அவருக்குப் பின்வந்தவர்கள் கார்ன்வால் சுரங்கங்களில் உயர் அழுத்த எஞ்சின்களை ஓட்டி நிலக்கரியை மிச்சப்படுத்திக்கொண்டிருந்தார்கள். எல்லாம் கைப்பழக்கத்தால் வந்த முன்னேற்றம். பிஸ்டனைக் கொஞ்சம் மாற்று, வால்வைக் கொஞ்சம் மாற்று, ஓடுகிறதா பார். பிரான்ஸ் ரொம்பப் பின்தங்கியிருந்தது.

மற்றவர்கள் எஞ்சினை எப்படிச் சீர் செய்வது என்று கேட்டார்கள். ஸாடி அதற்கும் ஒரு படி கீழே இறங்கிக் கேட்டார்: இந்தச் சீர்திருத்தத்துக்கு ஒரு முடிவு உண்டா, இல்லையா? இயற்கையே போட்டு வைத்த எல்லைக்கோடு ஏதாவது இருக்கிறதா? நீராவிக்குப் பதில் காற்றையோ ஆல்கஹாலையோ வைத்தால் அந்தக் கோடு நகருமா?

நான் வேலை பார்க்கும் துறையில் இந்தக் கேள்வியின் அருமை தினமும் தெரிகிறது. எல்லை எங்கே என்று தெரியாதவன் இருட்டில் ஓடுகிறான். தெரிந்தவன் இன்னும் எவ்வளவு தூரம் மிச்சம் என்று அளந்து வேலை செய்கிறான்.

அந்தச் சின்னப் புத்தகம்

1824 ஜூனில் புத்தகம் வெளிவந்தது. நெருப்பின் இயக்கு ஆற்றலைப் பற்றிய சிந்தனைகள் என்று தலைப்பைத் தமிழ்ப்படுத்தலாம். 118 பக்கம். 600 பிரதிகள். செலவு ஆசிரியருடையது. விஞ்ஞானம் படிக்காதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காகக் கையெழுத்துப் பிரதியைத் தம்பியிடம் கொடுத்துப் படிக்கச் செய்தாராம். முகப்புப் பக்கத்தில் தன்னைப் பற்றி அவர் போட்டுக்கொண்ட தகுதி ஒன்றே ஒன்றுதான்: எக்கோல் பாலிடெக்னிக்கின் முன்னாள் மாணவர். முன்னாள் மாணவர் மலரில் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது.

உள்ளே இருந்த வாதம் இது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கும்போதுதான் வேலை கிடைக்கிறது. வெறும் சூடு மட்டும் இருந்தால் போதாது, பக்கத்தில் குளிர்ச்சியும் வேண்டும். அணைக்கட்டில் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் கீழே இறங்க இடம் இல்லாவிட்டால் டர்பைன் சுற்றாது இல்லையா, அது மாதிரி. அடுத்து, வெப்பநிலை வித்தியாசம் உள்ள இரண்டு பொருள்கள் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் வெப்பம் சும்மா இறங்கிவிடுகிறது. கிடைத்திருக்க வேண்டிய வேலை பாழ். அப்பா சொன்ன தண்ணீர்ச் சக்கரத்தின் மோதலும் இதுவும் ஒரே ஜாதி நஷ்டம். ஆகவே ஒவ்வொரு படியிலும் தொடும் பொருள்கள் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில் இருக்கும்படி எஞ்சினை ஓட்டினால், அதைப் பின்னோக்கியும் ஓட்டலாம். முன்னே ஓட்டினால் எஞ்சின், பின்னே ஓட்டினால் இன்றைய ஃபிரிட்ஜ்.

இதற்கு மேல்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம். இந்த எஞ்சினைவிட அதிக வேலை தரும் வேறொரு எஞ்சினை யாராவது செய்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதை முன்னோக்கி ஓட்டி, கிடைத்த வேலையில் ஒரு பங்கைக் கொண்டு நம் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி, இறங்கிய வெப்பத்தைத் திரும்ப மேலே ஏற்றிவிடலாம். கையில் கொஞ்சம் வேலை மிச்சமிருக்கும். ஒன்றையும் செலவழிக்காமல் என்றென்றும் வேலை! அது நடக்காது. ஆகவே அப்படி ஒரு எஞ்சின் இருக்க முடியாது. முடிவு: உச்ச பலன் இரண்டு வெப்பநிலைகளை மட்டுமே பொறுத்தது. உள்ளே நீராவியா, காற்றா, ஆல்கஹாலா என்பது ஒரு பொருட்டே இல்லை.

இதில் ஒரு விசித்திரம். வெப்பம் என்பது கலோரிக் என்ற அழியாத திரவம், இறங்கும்போது அளவு குறையாது என்ற அன்றைய நம்பிக்கையின் மேல்தான் அவர் இதையெல்லாம் கட்டினார். அந்த நம்பிக்கை தவறு. எஞ்சினில் போகும் வெப்பத்தில் ஒரு பகுதி உண்மையிலேயே வேலையாக மாறிக் காணாமல் போகிறது. அஸ்திவாரம் இப்படி இருந்தும் கட்டிடம் நின்றது. அஸ்திவாரத்தைச் சந்தேகப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அதைக் கீழே சொல்கிறேன்.

புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் சுத்தமான எஞ்சினியரின் எழுத்து. அன்றைய மிகச் சிறந்த கார்ன்வால் எஞ்சின்கூட எரிபொருளின் ஆற்றலில் 20-ல் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்தவில்லை என்று கணக்குக் காட்டுகிறார். அதே மூச்சில், எரிபொருள் சிக்கனம் மட்டுமே எல்லாம் இல்லை, பத்திரம், உறுதி, நீடித்த உழைப்பு, அடைக்கும் இடம், செய்யும் செலவு இதையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்துத்தான் எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறார். பட்டறைகளில் அலைந்தவனுக்குத்தான் அப்படி எழுதத் தோன்றும்.

கிணற்றில் போட்ட கல்

பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் புத்தகம் அறிமுகமானது. ஒரு பத்திரிகையில் நல்ல மதிப்புரையும் வந்தது. அப்புறம் நிசப்தம். விஞ்ஞானிகளுக்கு இது எஞ்சினியரிங் புத்தகம், எஞ்சினியர்களுக்கு இது தத்துவப் புத்தகம். இரண்டு பேருமே கண்டுகொள்ளவில்லை.

அப்பா முந்தின வருஷமே, 1823-ல், மாக்டெபர்க்கில் இறந்துவிட்டார். புத்தகத்தைப் பார்க்க அவர் இல்லை. 1827-ல் ராணுவம் ஸாடியை மறுபடி பணிக்கு இழுத்தது. கேப்டன் பதவி கொடுத்தார்கள். அடுத்த வருஷமே ராஜினாமா செய்துவிட்டுப் பாரிஸுக்கு வந்து படிப்பில் மூழ்கினார்.

1832 ஜூனில் ஸ்கார்லட் ஜுரம் வந்தது. அதிலிருந்து தேறுவதற்குள் மூளையைப் பாதித்தது. பாரிஸுக்கு வெளியே ஈவ்ரியில் ஒரு மருத்துவ விடுதியில் சேர்த்தார்கள். அந்த வருஷம் பாரிஸில் காலரா ஆயிரக்கணக்கில் ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. ஆகஸ்ட் 24-ஆம் தேதி அது ஸாடியையும் கொண்டுபோனது. தொற்று பயத்தில் காலராவில் இறந்தவர்களின் உடைமைகளை எரிப்பது அன்றைய வழக்கம். அவருடைய காகிதங்களில் பெரும்பகுதியும் அப்படியே போனது.

தப்பிய சில தாள்கள் தம்பியிடம் இருந்தன. 1878-ல், அண்ணன் இறந்து 46 வருஷத்துக்குப் பிறகு, இப்போலித் அவற்றை வெளியிட்டார். படித்தவர்கள் அசந்துபோனார்கள். கலோரிக் கொள்கையை ஸாடி தானே கைவிட்டிருந்தார். வெப்பம் என்பது பொருளின் துகள்களின் அசைவே என்றும், வேலையும் வெப்பமும் ஒன்று மற்றொன்றாக மாறும், மொத்தம் குறையாது என்றும் எழுதியிருந்தார். மாற்று விகிதத்தையும் கணக்குப் போட்டிருந்தார்: 1 கிலோகலோரிக்கு 370 கிலோகிராம் மீட்டர். இன்றைய மதிப்பு 427. மாயரும் ஜூலும் 1842, 1843-ல் சொல்லிப் புகழ் பெற்ற விஷயம் அதற்குப் பத்து வருஷம் முன்பே ஒரு நோட்டுப் புத்தகத்தில் உறங்கிக்கொண்டிருந்தது. தன் புத்தகத்தின் அஸ்திவாரத்தைத் தானே மாற்றிக் கட்டும் வேலையின் நடுவில் ஆளே போய்விட்டார். எரிந்த தாள்களில் என்ன இருந்தது என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ஒரு ஜூனியர் செய்த உதவி

ஸாடியைக் காப்பாற்றியது அவருடைய கல்லூரி ஜூனியர். பெனுவா கிளாபெரோன், 1818-ல் அதே பாலிடெக்னிக்கை முடித்தவர், ரயில்வே எஞ்சினியர். ஸாடி இறந்து 2 வருஷத்தில், 1834-ல், அந்தப் புத்தகத்தின் கருத்துகளை எடுத்துக் கணித வடிவம் கொடுத்து ஒரு கட்டுரை எழுதினார். எதில் வந்தது தெரியுமா? பாலிடெக்னிக் கல்லூரியின் சொந்தப் பத்திரிகையில்! அழுத்தத்துக்கும் கனஅளவுக்கும் கோடு போட்டு நாம் பரீட்சையில் வரைகிறோமே, அந்தப் படம் கார்னோவின் புத்தகத்தில் கிடையாது. கிளாபெரோன் வரைந்தது.

அந்தக் கட்டுரை 1837-ல் ஆங்கிலத்துக்கும் 1843-ல் ஜெர்மனுக்கும் போயிற்று. 1845-ல் பாரிஸ் வந்த இளைஞர் வில்லியம் தாம்ஸன், பிற்காலத்து கெல்வின் பிரபு, அதைப் படித்துவிட்டு மூலப் புத்தகத்தைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினார். கடைக்காரர்கள் தம்பி இப்போலித் எழுதிய புத்தகங்களை எடுத்து நீட்டினார்களாம். ஸாடியை யாருக்கும் தெரியவில்லை. 1848 கடைசியில்தான் அவருக்கு ஒரு பிரதி கிடைத்தது. கார்னோவின் கருத்தை வைத்து அவர் உண்டாக்கியதுதான் தனி வெப்பநிலை அளவு, நம்முடைய கெல்வின். 1850-ல் ஜெர்மனியில் கிளாஸியஸ், ஜூல் சொன்னதையும் கார்னோ சொன்னதையும் ஒன்றோடொன்று பொருத்தினார். வெப்பம் தானாகக் குளிரிலிருந்து சூட்டுக்கு ஏறாது என்ற இரண்டாம் விதி பிறந்தது. 1865-ல் என்ட்ரோபி என்று பெயரும் வைத்தார்.

நாம் எழுதும் ஃபார்முலா அதற்குப் பிறகு வந்த வடிவம். 540 டிகிரி நீராவி, 40 டிகிரி கண்டென்சர் உள்ள ஒரு அனல் மின் நிலையத்தை எடுத்துக்கொண்டால் கெல்வினில் 813, 313. உச்ச பலன் 61 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். எத்தனை கோடி கொட்டினாலும் அதே இரண்டு வெப்பநிலைக்கு நடுவில் 62 வராது.

எலெக்ட்ரானுக்கும் அதே சட்டம்

சரி, நீராவி எஞ்சின் மியூசியத்துக்குப் போய்விட்டது, இப்போது இதெல்லாம் எதற்கு என்று ஜூனியர் தம்பி தங்கைகள் கேட்கலாம். உள்ளே என்ன பொருள் என்பது முக்கியமில்லை என்றாரே கார்னோ, அந்த வாக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்று நம் காலத்தில்தான் சோதித்திருக்கிறார்கள். நீராவிக்குப் பதில் எலெக்ட்ரான். பாய்லருக்குப் பதில், சற்றே சூடேற்றிய உலோக முனை. பிஸ்டனுக்குப் பதில் குவாண்டம் புள்ளி.

குவாண்டம் புள்ளி என்பது சில பத்து நானோமீட்டர் அளவுள்ள ஒரு குட்டி அறை. அவ்வளவு சின்ன இடத்தில் எலெக்ட்ரானுக்கு இஷ்டப்பட்ட ஆற்றல் இருக்க முடியாது, குறிப்பிட்ட படிகளில்தான் நிற்க முடியும். ஆகவே அந்த அறை, ஒரே உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல் வைத்த சுவர் மாதிரி வேலை செய்கிறது. அந்த உயரத்து ஆற்றல் உள்ள எலெக்ட்ரானுக்கு மட்டும் வழி. இந்தப் பக்கம் சூடு, அந்தப் பக்கம் குளிர். சூடான பக்கத்தில் எலெக்ட்ரான்கள் எகிறிக் குதித்துக்கொண்டிருப்பதால் ஜன்னல் உயரத்தில் நிற்பவை அதிகம். எதிர் வோல்டேஜ் வைத்துத் தடுத்தாலும் அவை ஏறிக் கடந்து போகும். மேட்டில் ஏறிய ஒவ்வொரு எலெக்ட்ரானும் வெப்பத்திலிருந்து எடுத்த வேலை.

எதிர் வோல்டேஜைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு எலெக்ட்ரான் செய்யும் வேலை கூடும், ஓட்டம் குறையும். ஜன்னல் உயரத்தில் இரண்டு பக்கமும் எலெக்ட்ரான்கள் நிற்கும் வாய்ப்பு சரிசமமாகும் இடத்தில் ஓட்டம் நின்றுபோகும். அந்த இடத்தில் பலனைக் கணக்குப் போட்டால், வருவது அச்சு அசலாகக் கார்னோவின் எல்லை! இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்போது சந்தடியில்லாமல் கடப்பது. லாஸார் தண்ணீருக்குச் சொன்னதும், ஸாடி வெப்பத்துக்குச் சொன்னதும் இதைத்தானே? ஜன்னலை அகலமாக வைத்தால், வேறு வேறு ஆற்றலுள்ள எலெக்ட்ரான்கள் வேலை செய்யாமல் வெப்பத்தை மட்டும் சுமந்து போய்விடும். வெப்பம் சும்மா விழுந்த கதை.

காகிதத்தில் மட்டும் இல்லை. 2018-ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இண்டியம் ஆர்ஸனைடு நானோ கம்பிக்குள் இப்படி ஒரு புள்ளியை அமைத்து, தனிச்சுழி வெப்பநிலைக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டினார்கள். கார்னோ எல்லையில் 70 சதவீதத்துக்கும் மேல் கிடைத்தது, அதுவும் மின்திறனை வெளியே கொடுத்துக்கொண்டே. நீராவிக்காக எழுதிய எல்லைக்கு, நீராவியையே காணாத ஒரு கருவி இவ்வளவு கிட்டே வந்திருக்கிறது.

குவாண்டம் என்றால் மாயாஜாலம், கார்னோவையே தாண்டிவிடலாம் என்ற பேச்சும் அவ்வப்போது கிளம்பும். உற்றுப் பார்த்தால், தாண்டியது போலத் தெரியும் கணக்குகளில் சூடான பக்கம் சாதாரணச் சூடாக இருக்காது. அதை விசேஷமாகத் தயார் செய்ய ஆன செலவு கணக்கில் ஏறாமல் இருக்கும். அதையும் சேர்த்தால் பழைய எல்லையே வந்து நிற்கும். ஒற்றை எலெக்ட்ரான் ஒரு கணத்தில் சட்டத்தை மீறுவது போல நடந்துகொள்ளலாம். பல தடவை ஓட்டிச் சராசரி எடுத்தால் அடங்கிவிடும்.

என் தொழிலிலும் இதே வம்சத்து எல்லைகள் உண்டு. சாதாரண டிரான்ஸிஸ்டரில் கசியும் மின்னோட்டத்தைப் பத்து மடங்கு குறைக்க, அறை வெப்பநிலையில், கேட்டில் குறைந்தது 60 மில்லிவோல்ட் மாற்ற வேண்டும். அதற்குக் கீழே வெப்ப அசைவு விடாது. 1961-ல் ஐபிஎம்மில் ரால்ஃப் லாண்டவர் கண்டுபிடித்தபடி, ஒரே ஒரு பிட் தகவலை அழிப்பதற்கும் குறைந்தபட்ச வெப்பம் வெளியேறியே ஆக வேண்டும். அது ரொம்ப ரொம்பச் சின்ன அளவு. இன்றைய சிப்புகள் செலவழிப்பது அதைப்போல எத்தனையோ மடங்கு. ஆனால் எல்லை என்று ஒன்று இருக்கிறது, அது எங்கே என்று தெரிகிறது. அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் கார்னோ.

கடைசியாக

பாரிஸின் ஈஃபில் கோபுரத்தில் 72 பிரெஞ்சு விஞ்ஞானிகள், எஞ்சினியர்களின் பெயர் பொறித்திருக்கிறது. அதில் ஒரு கார்னோ உண்டு. அது அப்பா லாஸார். கிளாபெரோனும் உண்டு. 1889-ல் கோபுரம் திறந்தபோது பிரான்ஸின் ஜனாதிபதியின் பெயர் ஸாடி கார்னோ. அது இப்போலித்தின் மகன், பெரியப்பாவின் பெயரைத் தாங்கியவர். நம்முடைய ஸாடியின் பெயர் அங்கே இல்லை.

அதற்காக அவருக்காகப் பரிதாபப்படச் சொல்லி இதை எழுதவில்லை. 600 பிரதி போதுமாக இருந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். யாரும் கேட்காதபோதும் எழுதினார், கையிலிருந்த காசைப் போட்டு அச்சிட்டார், தன் கல்லூரிப் பெயரை முகப்பில் போட்டார். அதே கல்லூரியில் படித்த ஒரு ஜூனியர் படித்தார், கல்லூரிப் பத்திரிகையில் எழுதினார். மிச்சமெல்லாம் அங்கிருந்து வந்தது. அச்சில் ஏறியது பிழைத்தது. மேஜை அறையில் கிடந்தது பெரும்பாலும் எரிந்தது.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு: உங்கள் பிராஜெக்ட் ரிப்போர்ட்டை வைவா முடிந்ததும் பரணில் போட்டுவிடாதீர்கள். உருப்படியான ஒரு கேள்வி அதில் இருந்தால் நாலு பக்கமாவது எழுதி நம் கல்லூரி இதழுக்குக் கொடுங்கள். என் வயது நண்பர்களுக்கும் சீனியர்களுக்கும்: ஜூனியர்கள் எழுதுவதை எடுத்துப் படியுங்கள், நாமும் நம் தொழிலில் கண்டதை எழுதி வைப்போம். அடுத்த மலர் வரும்போது அப்படி வந்த கட்டுரைகள் பத்தாவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை. முதல் கட்டுரையைப் படித்து, சந்தேகம் கேட்டுக் கடிதம் போட நான் தயார்.